ஐந்தாம் பக்கத்தின் நடு உறை

வஹீதுன்னிசாவிடம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தால் முதலில் அதைப் பார்க்க மாட்டாள். காதருகே கொண்டுபோய்க் கசக்குவாள். சரசரவென்று சத்தம் போட்டால் முகம் மலரும். சத்தமே இல்லாமல் குழைந்துகொடுத்தால் அடுத்தது மூக்கு. புது மழைக்கோட்டு வாசனை அடித்துவிட்டால் அந்தக் கவரின் கதை அத்தோடு முடிந்தது.

"இது பி.வி.சி. இதுல கார்டு போட்டு வெச்சா நாலு மழைக்காலம் தாங்காது. கவரும் கார்டும் கல்யாணம் பண்ணிக்கும். அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் பிரிக்க முடியாது."

சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்து இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுவாள். மெழுகுவத்திபோல் சொட்டி, திரி அணைந்த வாசனை வந்தால் பி.பி., பாலிப்ரொப்பிலீன். நல்ல சாதி. மூக்கைக் குத்தும் புகை கிளம்பினால் பி.வி.சி. "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்டித்தான் ஓரத்துல கொளுத்திப் பாத்துட்டு சம்மதிச்சா" என்று அவள் கணவன் ஜமீர் எல்லாரிடமும் சொல்வான். குமணன்சாவடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

கவர் போடுவது அவள் தொழில். பூந்தமல்லி வீட்டின் முன்னறையில், கவரைச் சூட்டில் ஒட்டும், காலால் மிதிக்கும் சீலிங் மெஷின் ஒன்று நிற்கிறது. எம்ப்ராய்டரி நூல், ஹேர் கிளிப், வளையல், ஊதுபத்தி என்று அந்த வட்டாரத்துக் கடைகளில் தொங்குகிற சாமான்களில் பாதி அவள் ஒட்டிய கவருக்குள்தான் இருக்கும். யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷமாகக் கருகவிட்டு, ஒட்டாமல் விட்டு, கோணலாக வெட்டித் தானே பிடித்துக்கொண்டது. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் அந்தக் கவர் வீட்டுக்குள்ளேயே கொத்தமல்லி கட்டப் போய்விடும்; கடைக்குப் போகாது.

இத்தனை கறாரான பெண்மணிக்கு முப்பது வருஷப் பைத்தியம் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் டிம்பிள் டேனி.

அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஜிங்கா பபிள்கம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு பபிள்கம்மோடும் ஒரு மல்யுத்த வீரனின் டிரம்ப் கார்டு. மொத்தம் எழுபத்திரண்டு வீரர்கள். கார்டில் வீரனின் படம்; கீழே ரேங்க், மார்பு, பைசெப்ஸ், ஜெயித்த சண்டை. "செஸ்ட் ஐம்பத்தெட்டு!" என்று ஒருத்தர் கத்துவார். மற்றவர் கையில் இருக்கிற வீரனுக்கு அதைவிடக் கம்மியாக இருந்தால் கார்டு பறிபோகும். ஆட்டம் அவ்வளவுதான். முதல் ரேங்க் ஜெனரல் கோரில்லா. மார்பு அறுபத்திரண்டு, பைசெப்ஸ் இருபத்தாறு. அவனைக் கையில் வைத்திருக்கிற பிள்ளை தெருவில் நடக்கிற நடையே வேறு.

நாற்பத்தொன்றாம் ரேங்க்தான் டிம்பிள் டேனி. மார்பு நாற்பது, பைசெப்ஸ் பதினான்கு, ஜெயித்த சண்டை மூன்று. கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருப்பான். எழுபத்திரண்டாம் ரேங்க்காரன்கூட ரேங்க் தவிர எல்லாக் கணக்கிலும் அவனை ஜெயித்துவிடுவான். பிறகு எப்படி நாற்பத்தொன்றில் வந்தான் என்பது ஜிங்கா கம்பெனிக்கே வெளிச்சம். "சோப்ளாங்கி டேனி" என்று பிள்ளைகள் அவனைக் கிழித்து ஆடுகிற பெஞ்சுக்காலுக்கு அண்டை கொடுத்தார்கள், சுருட்டிக் காது குடைந்தார்கள். ஜெனரல் கோரில்லாவை எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். அதனால் கோரில்லா இன்றும் ஊரெல்லாம் கிடைக்கிறான். டேனியை யாருமே வைத்துக்கொள்ளவில்லை. வஹீதுன்னிசா எழுபத்தொரு கார்டு சேர்த்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், உலகத்தில் டேனியே மிச்சமில்லை.

அப்போது அவள் தம்பி அஸ்கர் ஒன்பது வயதுப் பொடியன். "நீயாவது செட்டு முடிக்கிறதாவது. முடிச்சீன்னா நான் மீசைய எடுத்துர்றேன்" என்றான். மீசை முளைக்கக் குறைந்தது எட்டு வருஷம் பாக்கி இருக்கிற தைரியம். அவள் விடவில்லை. எழுதிக் கொடு என்றாள். பபிள்கம் தாளின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

இப்போது அஸ்கர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசர். அவன் மீசை இரண்டு பக்கமும் மேல்நோக்கி ஏறி நிற்கும். வீடியோ காலில் முகம் தெரிவதற்கு முன்னால் அது தெரியும். தினமும் எண்ணெய், சின்னச் சீப்பு, தனி உபசாரம். ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்து, வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக் கேட்பான்: "அப்புறம்க்கா? டேனி வந்துட்டானா?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒருமுறை 'வந்துட்டான்' என்று சொல்லிவிட வேண்டும். வஹீதுன்னிசாவின் முப்பது வருஷக் குறி அதுதான்.

எழுபத்தொரு கார்டுக்கும் அவளே ஆல்பம் செய்திருந்தாள். பக்கத்துக்கு ஒன்பது உறை, எட்டுப் பக்கம். கார்டு அறுபத்துமூன்றுக்கு எண்பத்தெட்டு மில்லிமீட்டர். உறை அதைவிட மூன்று மில்லிமீட்டர்தான் கூடுதல். அதற்கு மேல் விட்டால் கார்டு உள்ளே ஆடி முனை மழுங்கும். இறுக்கினால் நுழைக்கும்போதே ஓரம் மடங்கும். வாய் மேல்பக்கம் வைத்தால் ஆல்பத்தைக் கவிழ்க்கும்போது கார்டு கொட்டிவிடும் என்று பக்கவாட்டில் வைத்தாள். கம்பி வளையம் உள்வரிசைக் கார்டுகளை அழுத்தித் தடம் பதிக்குமாதலால் வளையத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி உறைகளை ஆரம்பித்தாள். மருந்து டப்பாவிலிருந்து எடுத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் அட்டையின் உள்பையில்.

எட்டுப் பக்கமும் வீரர்கள் முறைத்துக்கொண்டிருக்க, ஐந்தாம் பக்கத்தில் நட்டநடுவில் மட்டும் ஒரு உறை காலி. நாற்பத்தொன்று வந்து உட்கார வேண்டிய இடம் சரியாக அங்கேதான் அமைந்துவிட்டது. எட்டு வீரர்கள் சுற்றி நின்று ஒரு ஓட்டையைக் காவல் காப்பதுபோல இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கும் அஜித்குமார் என்ற இளைஞன், கார்டுகளுக்குக் கவர் வேண்டும் என்று அவளைத் தேடிவந்தான். ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு பரோட்டா மெஸ்ஸின் மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கார்டு சேர்க்கிறவர்கள் கூடுவார்கள். கவர் கொடுக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஆளாளுக்குக் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்ததைப் பார்த்து அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. அன்று தொடங்கிய பாடம்தான். ரப்பர் பேண்டு இடுப்பை முறிக்கும். செல்லோ டேப் பக்கத்தில் வராதே. முதல் கவரில் தலைகீழாகப் போடு, அதை இரண்டாவது கவரில் நேராகப் போடு, தூசிக்கு வழியே இருக்காது. ஐம்பது வயது ஆசாமிகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

போன மாதம் அந்த மாடிக்குச் செங்கல்வராயன் வந்தார். நெமிலிச்சேரியில் கடிகாரக் கடை வைத்திருப்பவர். முப்பது வருஷத்துக்கு முன் பீடியை விடுவதற்காக நாளைக்கு நாலு ஜிங்கா பபிள்கம் மென்றாராம். பீடி போனது, இரண்டு பல்லும் போனது. எழுபத்திரண்டு கார்டும் சேர்ந்தது. அஜித்குமாரின் போனுக்கு அனுப்பியிருந்த போட்டோவைக் காட்டினார். வஹீதுன்னிசா எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் குழி. மேலே ஏதோ கவர் போட்ட பளபளப்பு. டேனி!

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அண்ணே, இது எனக்கு வேணும். இன்னா கேட்டாலும் தரேன்."

"எழுபத்திரண்டும் சேந்துச்சு, இப்ப எழுபத்தொண்ணுதாம்மா கீது" என்றார் செங்கல்வராயன். "எம் புள்ளைக்குப் பல்லு மொளைக்கும்போது ஜெனரல் கோரில்லாவப் பாதி தின்னுட்டான். இப்ப போலீஸ்ல கீறான். அந்தத் தெம்புதான் போல. ஊர்ல கெடைக்கிற கோரில்லாலாம் முனை மழுங்கினது. நீ நல்ல கோரில்லா குடு, நான் டேனி தரேன். ஆனா ஒண்ணு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பேன். நாலு முனையும் கத்தியாட்டம் இருக்கணும். ஒரு கறை, ஒரு மடிப்பு, எதுனா கீதுன்னா டீலு கிடையாது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துனு வா."

அவளிடம் கோரில்லா இரண்டு இருந்தது. நல்லதை எடுத்துத் தன் பி.பி. கவரில் போட்டாள். இவ்வளவு பெரிய காரியத்துக்கு வெறும் கவர் போதாது என்று தோன்றவே, கண்ணாடிபோல் தெளிவான, மூடி அழுந்தும் கெட்டி டப்பா ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து அதற்குள் வைத்தாள். வீட்டிலேயே பத்திரமான இடம் எது? ஸ்டீல் பீரோ. பீரோவில் பத்திரமான இடம்? கல்யாணப் பட்டுக்கு அடியில். வைத்துப் பூட்டி, சாவியை ஜமீருக்குக்கூடச் சொல்லாத இடத்தில் மறைத்தாள். ஒரு மாதம் தொடவே இல்லை.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, பீரோவைத் திறந்து புடவையைத் தூக்கினாள். புடவையோடு டப்பாவும் எழுந்துவந்தது. இழுத்தால் ஒரு சரிகை இழை டப்பாவோடு போனது. கண்ணாடிபோல் இருந்த டப்பா கண்புரை விழுந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. தொட்டால் பிசுபிசு. மூடியும் டப்பாவும் ஒன்றாகிவிட்டன. ஒரு மூலையில் மருபோல ஒட்டிக்கொண்டிருந்தது, வெள்ளையாக, உருண்டையாக, ஒரு அந்துருண்டை.

அந்த அந்துருண்டையை அங்கே போட்டது அவளேதான். ஒவ்வொரு பெருநாள் முடிந்ததும் பீரோவின் நாலு தட்டிலும் தட்டுக்கு ஆறு என்று புதிதாகப் போடுவாள். பட்டு இருந்தால் அந்துருண்டை இருக்கும். அது பீரோவின் ஒரு பாகம்போல, கண்ணில்கூடப் படாது. பி.பி. கவரோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்தவளுக்கு, கெட்டி டப்பா வேறு சாதி என்பது உறைக்கவில்லை. அந்துருண்டையின் ஆவி அதைத் தின்றுவிட்டது.

"ஏங்க!"

அந்தக் குரலுக்கு ஜமீர் கையில் தோசையோடு ஓடிவந்தான். "இன்னாச்சு? பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சிடலாம். அந்துருண்டைங்க."

ஜமீர் டப்பாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று அவன் எடுத்த முயற்சியில் தோசைதான் கசங்கியது. "ரெண்டு வருஷமா ஆவடியே உன்னாண்ட பாடம் படிக்குது. டீச்சரே ஃபெயிலா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. உள்ள கோரில்லா செத்தானா பொழச்சானான்னு தெரியல."

"ஆக்சா பிளேடு எடுத்தாரேன். ரெண்டா அறுத்துரலாம்."

"கையக் கிட்ட கொண்டாராதீங்க!"

அறுத்தால் அதிரும், பிளேடு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. சீலிங் மெஷினின் சூட்டுக் கம்பியால் உருக்கலாம். கார்டும் சேர்ந்து உருகும். உட்கார்ந்து யோசித்தாள். மார்கழிக் காலையில் கவர் மடிக்கும்போது விரைத்துக்கொண்டு மடக்கென்று முறிவது ஞாபகம் வந்தது. குளிரில் பிளாஸ்டிக்குக்கு வீம்பு வந்துவிடும். வீம்பு வந்தால் உடையும்.

டப்பாவைக் கவருக்குள் போட்டுக் காற்றை நசுக்கி வெளியேற்றி ஒட்டினாள். அதன்மேல் இன்னொரு கவர். ஃபிரீசரில் சங்கரா மீனை ஓரம்கட்டிவிட்டு ஜெனரல் கோரில்லாவைப் படுக்க வைத்தாள். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ் முன்னாலேயே நின்றாள். ஐஸ் தண்ணீர் எடுக்க வந்த ஜமீரை முறைத்துத் திருப்பி அனுப்பினாள். பிறகு எடுத்து, கவரைப் பிரிக்காமலே, கத்தியின் மரப்பிடியால் டப்பாவின் விளிம்பில் ஒரே தட்டு. டப்.

விரிசல் விட்டது. இன்னொரு தட்டு. மூடி தனியாக வந்தது. அப்போதும் அவள் கவரைப் பிரிக்கவில்லை. குளிர்ந்த சாமான் வெளிக்காற்றைக் கண்டால் வியர்க்கும். அட்டைக்கு அது விஷம். குளிர் விடட்டும் என்று அரைமணி காத்திருந்தாள். ஜமீர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தான். ஆட்டோவை எடுக்கவே இல்லை. அவன் சிரிப்பெல்லாம் எப்போதோ போயிருந்தது.

கடைசியில் உள்ளே கைவிட்டுக் கோரில்லாவை எடுத்தாள். அவளே ஒட்டிய கவரைக் காதருகே வைத்துக் கசக்கினாள். சரசர! அந்துருண்டைக்கு அது அசைந்துகொடுக்கவே இல்லை. உள்ளே கோரில்லா அதே முறைப்போடு, நாலு முனையும் கத்திபோல, சிரஞ்சீவியாக இருந்தான்.

"பொழச்சிட்டான்!" என்று அவள் குதித்த குதியில் மெஷினின் மிதிகட்டை ஒருமுறை தானாக மிதிபட்டது.

ஜமீர் குனிந்து மோந்து பார்த்தான். "பொழச்சிட்டான். ஆனா பீரோலயே பொறந்து பீரோலயே வளந்த மாரி கீறான்."

வாசனை. அதற்கு என்ன செய்வது? கொசுவலைக்கு அடியில் தட்டில் வைத்து, நிழலில், ஃபேனைச் சின்னதாக ஓடவிட்டு மூன்று நாள் காற்றாட வைத்தாள். ஞாயிறு காலை அவளுக்கு வாசனை தெரியவில்லை. மூன்று நாள் முகர்ந்த மூக்குக்கு வேறு எதுவுமே தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

லோடு ஆட்டோவில் கணவனும் மனைவியும் ஆவடிக்குப் போனார்கள். பருத்திப்பட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது அவள் மடியில் இருந்த ஆல்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உள்ள எழுபத்தொரு பேர் கீறாங்க, பாத்து ஓட்டுங்க" என்று அதட்டினாள்.

மாடியில் பதினைந்து பேர் இருந்தார்கள். செங்கல்வராயன் மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். வஹீதுன்னிசா கோரில்லாவை எடுத்துத் துண்டின்மேல் வைத்தாள். அவர் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இன்னாமா இது? பீரோவையே கையோட தூக்கினு வந்துட்டியா?"

மாடி சிரித்தது. "அக்கா, அந்துருண்டையா?" என்றான் அஜித்குமார், நம்பமுடியாமல். "நீங்களா?"

இரண்டு வருஷமாக அந்த மேசையில் அவள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள்! வேறு வழியில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டுப்புடவை, உருகிய டப்பா, ஃபிரீசர், சங்கரா மீன். ஒவ்வொரு படியிலும் கூட்டம் மேசையைத் தட்டியது. நோட்டுப் புத்தகக்காரர் ஒருவர் பேனாவைத் திறந்து, "அந்துருண்டை கூடாது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

செங்கல்வராயன் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்து நாலு முனையையும் பார்த்தார். ஓரம் ஓரமாகப் போனார். "கார்டு சுத்தம்" என்றார். "மூக்குதான் ஒத்துக்க மாட்டேங்குது. இந்த நாத்தம் போவலன்னா? என் மத்த கார்டுக்கெல்லாம் இது பத்திக்கினா? புள்ள கோரில்லாவத் தின்ன அன்னிக்கு மிச்சத்த ஆல்பத்துல போட்டு மூடினது, முப்பது வருஷமாச்சு. ஒரு கார்டக்கூட வெளிய எடுத்ததில்ல, தெரியுமா?"

"உங்க டேனியக் காட்டுங்கண்ணே. அவன் எப்டி கீறான் பாப்போம்" என்றாள் அவள்.

அவர் பெருமையாகப் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து வைத்தார். தங்க எழுத்தில் 'நம் திருமணம்' என்று போட்ட பழைய போட்டோ ஆல்பம். முதல் நாலு பக்கத்தில் மாலையும் கழுத்துமாக இளைய செங்கல்வராயன். ஐந்தாம் பக்கத்திலிருந்து மல்யுத்தம். ஒவ்வொரு பக்கமும் கோடு கோடாகப் பசை தடவிய அட்டை. அதன்மேல் ஒட்டும் மெல்லிய ஷீட். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ஆல்பம்தான்.

வஹீதுன்னிசா ஷீட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். போட்டோவில் தெரிந்த பளபளப்பு எந்தக் கவரும் இல்லை. அந்த ஷீட்.

"ஒரு கார்டக்கூட வெளிய எடுத்ததில்லன்னு சொன்னீங்களே... எடுக்க முயற்சி பண்ணீங்களா அண்ணே?"

"எதுக்கு எடுக்கணும்? அழகா ஒட்டினு கீது" என்ற செங்கல்வராயன், காட்டுகிறேன் பேர்வழி என்று ஷீட்டைப் பறபறவென்று உரித்து டேனியின் முனையில் நகத்தை வைத்து நெம்பினார். முனை எழவில்லை. அதன் கீழ் ஒரு வெள்ளைக் கீறல்தான் எழப்பார்த்தது.

"கைய எடு அண்ணாத்தே!"

அவள் போட்ட சத்தத்தில் கீழே பரோட்டா தட்டுகிற ஓசை நின்றது. செங்கல்வராயன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். இப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அவள் அந்துருண்டைக்குச் சிரித்த கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

"முப்பது வருஷமா பசையில ஊறுறான். இழுத்தா முதுகுத்தோலு ஆல்பத்துலயே நின்னுடும்" என்றாள். "நான் தோலு பேராம எடுத்தா டேனி எனக்கு. நாத்தம் அடிக்குதுன்னு பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

அவர் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. "பேந்துட்டா?"

"பேந்துட்டா கோரில்லாவ சும்மாவே எடுத்துக்கங்க."

ஜமீர் அவளைப் பார்த்தான். டேனி கிழிந்தால் இன்னொரு டேனி கிடையாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஃபேன அமத்துங்க. ஒரு டீ சொல்லுங்க. சூடா, ஸ்டீல் டம்ளர்ல."

"இப்ப டீயாக்கா?" என்றான் அஜித்குமார்.

"குடிக்க இல்ல."

டீ வந்தது. டம்ளரின் வெளிப்பக்கத்தைத் துண்டால் ஈரம் போகத் துடைத்தாள். ஆல்பத்தின் அந்தப் பக்கத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்க அஜித்குமாரிடம் சொல்லி, டேனிக்குப் பின்பக்கமாக டம்ளரை நிமிர்த்தி, அதன் பக்கவாட்டை அட்டையில் அணைத்துப் பிடிக்கும் பொறுப்பை ஜமீருக்குக் கொடுத்தாள். டம்ளர் சாய்ந்தால் டீ அவன் மணிக்கட்டில் வழியும். டேனிமேல் பட்டால் வீட்டுக்கே போக முடியாது. லோடு ஏற்றிய ஆட்டோவைச் சந்துக்குள் ஒற்றைக் கையால் ரிவர்ஸ் எடுக்கிறவன், ஒரு டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் போதாமல் நின்றான்.

அவள் கைப்பையில் நூல்கடைக்காரர் கவர் அளவுக்குக் கொடுத்திருந்த பட்டு நூல்கண்டு இருந்தது. ஒரு முழம் அறுத்து, இரண்டு கை விரலிலும் சுற்றி, விறைப்பாகப் பிடித்து, கார்டின் மேல்விளிம்புக்கும் அட்டைக்கும் நடுவே நூலைக் கொடுத்தாள். வலமிருந்து இடம். இடமிருந்து வலம். ரம்பம் அறுப்பதுபோல, ஆனால் அழுத்தம் கொடுக்காமல். நூல் அட்டைப் பக்கமாகச் சாய்ந்தே ஓட வேண்டும். கார்டுப் பக்கம் சாய்ந்தால் போச்சு.

சூடு ஏறியதும் முதல் பசைக்கோடு விட்டது. கேட்டது அவளுக்கு மட்டும்தான், சின்ன 'ப்ச்'. இரண்டாவது கோடு. மூன்றாவது. டேனியின் தலை அட்டையை விட்டு மெல்ல முன்னால் வந்தது.

"வரான், வரான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஏங்க, டம்ளரக் கொஞ்சம் கீழ."

"ஏய், சுடுதுடி."

"பொறுத்துக்கங்க. இடுப்பு வரைக்கும் வந்துட்டான்."

எட்டாவது கோட்டில் நூல் அறுந்தது. பதினைந்து பேரும் ஒன்றாக 'ஐயோ' என்றார்கள். அவள் அசையவில்லை. புது நூல். ஒன்பதாவது. பத்தாவது. திடீரென்று நூலுக்கு எதிர்ப்பே இல்லாமல் போனது. டிம்பிள் டேனி காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, செங்கல்வராயனின் வெள்ளைத் துண்டில் மல்லாந்து விழுந்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

ஒரு நொடி யாரும் தொடவில்லை. பிறகு அவள் விளிம்பைப் பிடித்துத் திருப்பினாள். முதுகில் பசைக்கோடுகள் மட்டும். ஒரு நார்கூடப் பேரவில்லை. செங்கல்வராயன் பூதக்கண்ணாடியோடு பாய்ந்து பார்த்துவிட்டு, "பல்லி மாரி ஒட்டினு கெடந்தவன எப்டிமா பூ மாரி எடுத்த!" என்றார். அதற்கப்புறம் மாடியில் எழுந்த கூச்சலில் கீழேயிருந்து மாஸ்டரே கரண்டியோடு மேலே வந்துவிட்டார். ஜமீர் அந்த டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

அவள் சும்மா இருக்கவில்லை. பசை போகாமல் உறைக்குள் போட்டால் இன்னொரு கல்யாணம் ஆகிவிடும். கட்டைவிரல் நுனியால் மெல்ல உருட்டி உருட்டி, கோடு கோடாகப் பசையை எறும்பு முட்டைபோல் திரட்டி எடுத்தாள். பிறகு ஆல்பத்தைத் திறந்தாள். ஐந்தாம் பக்கம். நடு உறை. பக்கவாட்டு வாயில் டேனியை வைத்து ஒரு தள்ளு. சரசரவென்று உள்ளே போய், மூன்று மில்லிமீட்டர் விட்டு, நேராக நின்றான். சுற்றி நின்ற எட்டுப் பேரும் இன்று முதல் ஓட்டையைக் காக்க வேண்டாம்.

இந்த வருஷம் அவளுக்கும் வயது நாற்பத்தொன்று.

"போன் போடு அஜித்து. ஷார்ஜாவுக்கு."

திரையில் மீசை வந்தது. பிறகு அஸ்கர் வந்தான். "இன்னாக்கா, இந்நேரத்துல?"

அவள் ஐந்தாம் பக்கத்தைக் கேமராவுக்கு முன் பிடித்தாள். அஸ்கரின் கண் வரிசை வரிசையாகப் போய் நடுவில் நின்றது. "யா அல்லா... டேனியா அது?"

"வந்துட்டான்டா."

"சூப்பர்க்கா! மாஷா அல்லா! சரிக்கா, கஸ்டமர் வராங்க, நான் அப்புறமா..."

"டேய், மீசை."

"அது சின்னப் புள்ளைல ஏதோ பேச்சுக்கு சொன்னதுக்கா. அதெல்லாமா இப்ப?"

வஹீதுன்னிசா ஆல்பத்தின் பின்னட்டையைத் திறந்தாள். அங்கே யாருக்கும் காட்டாத உறை ஒன்று தனியாக இருந்தது. ஜிங்கா பபிள்கம் தாள், உள்பக்கம் தெரியும்படி, சுருக்கம் நீவி, பி.பி. கவரில். முப்பது வருஷத்தில் சிவப்பு மை ஒரு துளி கலங்கவில்லை. கூட்டத்துக்குக் கேட்கும்படி வாசித்தாள்: "'செட் முடிஞ்சா மீசை எடுப்பேன். அம்மா மேல சத்தியம். இப்படிக்கு அஸ்கர், நாலாம் வகுப்பு பி பிரிவு.'"

"எடு! எடு! எடு!" என்று பதினைந்து பேரும் மேசையைத் தட்டினார்கள். முன்பின் தெரியாத செங்கல்வராயன் கேமராவுக்குள் தலையை நீட்டி, "நைனா, கையெழுத்து போட்டுட்ட. கத்தி வை" என்றார்.

அஸ்கர் சிரித்தான், கெஞ்சினான், ஒரு பெருமூச்சு விட்டான். கடைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்தான். விற்பனைக்கு இருந்த டிரிம்மர் ஒன்றைப் பிரித்தான். சீப்பால் கடைசியாக ஒருமுறை இரண்டு பக்கமும் தடவிக்கொடுத்துவிட்டு, இடது பக்கத்தை எடுத்தான். சரியாக அந்தக் கணத்தில் நெட்வொர்க் போய் படம் உறைந்து நின்றது: ஒரு பக்கம் மீசை வானத்தைப் பார்க்க, மறுபக்கம் மழமழ, நடுவில் அழுகையும் சிரிப்பும் கலந்த முகம்.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன்க்கா" என்றான் அஜித்குமார்.

மறுநாள் அவள் அதைக் கெட்டி அட்டையில் பிரிண்ட் போட்டு அறுபத்துமூன்றுக்கு எண்பத்தெட்டாக வெட்டினாள். ஆல்பத்தில் எழுபத்திரண்டு உறையும் நிரம்பிவிட்டதால் ஒன்பதாம் பக்கம் ஒன்று புதிதாக ஒட்ட வேண்டியதாயிற்று. அதில் முதல் உறையில் அஸ்கரைச் செருகினாள். அவன் படத்துக்குக் கீழே சிவப்பு மையில், அழகாக, இப்படி எழுதியிருக்கிறது: ரேங்க் எழுபத்துமூன்று. மார்பு, தெரியவில்லை. ஜெயித்த சண்டை, பூஜ்யம். மீசை, அரை.